திண்ணைத் தூணின் அடி மக்கிப்போச்சா? தூணையே தூக்கிப் போட வேண்டாம்!

"தம்பி, திண்ணைத் தூண் அடியில மக்கிப்போச்சு. கொத்தனார் வந்து பார்த்தார். எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் தூண் போட்டுடலாம்னு சொல்றார். என்ன செய்யலாம்?"

மழைக்காலம் முடிந்ததும் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் இப்படியொரு போன் போவது புதிதல்ல. ஆபீஸ் வேலைக்கு நடுவே பிள்ளையும், "சரிப்பா, அவர் சொல்ற மாதிரியே செஞ்சிடுங்க" என்று சொல்லிவிடுவார். அடுத்த வாரமே அந்தத் தூண்கள் பழைய மரக்கடைக்குப் போய்ச் சேரும். வாங்குகிறவருக்கு அந்தக் கட்டையின் மதிப்பு தெரியும். விற்கிறவருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பல தூண்களில் கெட்டுப்போயிருப்பது தரையை ஒட்டிய ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. அதற்கு மேலே வைரம் பாய்ந்த கட்டை அப்படியே நிற்கும். கெட்டதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டுப் புது மரம் ஒட்டுப் போடலாம். ஆனால், அந்த அடிப்பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் எதைச் செய்தாலும் சில ஆண்டுகளில் அதே போன் மறுபடியும் வரும்.

அடியில் மட்டும் ஏன் மக்குகிறது?

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அந்தப் பூஞ்சை வளர ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. மழை நேராகப் படாத, காற்று படும் கட்டை அந்த அளவுக்குக் கீழேயே இருக்கும். அதனால்தான் கூரைக்கு அடியில் இருக்கும் உத்தரமும் போதிகையும் நூறு வருஷம் ஆனாலும் நிற்கின்றன.

தூணின் அடி அப்படியல்ல. மரம் என்பது நெடுக்காக அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு மாதிரி. பக்கவாட்டில் தண்ணீர் பட்டால் மெதுவாகத்தான் ஊறும். குறுக்கே அறுத்த முனையில் பட்டால் குழாய் வாய் திறந்திருப்பதால் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். தூணின் அறுத்த முனை இருப்பது தரைப் பக்கம். கூரையில் இருந்து சொட்டித் தெறிக்கும் மழை, திண்ணை கழுவும் தண்ணீர், தரையில் இருந்து ஏறும் ஈரம் என எல்லாம் சேர்வதும் அங்கேதான்.

பழைய ஆசாரிகளுக்கு இது தெரியும். அதனால்தான் மரத்தூணை நேராக மண்ணில் நடாமல், கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். கல்லில் விழும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மழை நின்றதும் கட்டை காய்ந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய உதாரணம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. நடராஜர் கோயிலின் சிற்றம்பலம் மரத்தால் ஆன கட்டுமானம். சுற்றிலும் கல் மண்டபங்கள் சூழ, பொன் ஓடு வேய்ந்த கூரையைத் தாங்கி நிற்கும் அந்த மரம் உயர்ந்த கல் பீடத்தின் மேல்தான் நிற்கிறது. மேலே நனையாத கூரை, கீழே உயர்ந்த கல், நடுவில் மரம். நான்கு வீதிகளில் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளின் திண்ணைத் தூண்களுக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் தப்பு எங்கே நடந்தது?

பெரும்பாலும் பிற்காலத்தில் செய்த 'ரிப்பேர்' வேலையில்.

முதலாவது, சாலை. ஒவ்வொரு முறையும் பழைய சாலைக்கு மேலேயே புதுச் சாலை போடப்போட, தெரு உயர்ந்தது, திண்ணை தாழ்ந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் 2021-ல் அறிவுறுத்தினார். அதற்குள் பல தெருக்களில் மூன்று படி ஏறிப் போன திண்ணைகள் ஒரு படி உயரத்துக்கு வந்துவிட்டிருந்தன. தெருத் தண்ணீர் திண்ணைக்கு வருவது சுலபமாகிவிட்டது.

இரண்டாவது, தண்ணீர் வராமல் இருக்க வீட்டுக்காரர்கள் திண்ணையை உயர்த்தினார்கள். பழைய தரைக்கு மேல் சிமென்ட் கலவை, அதற்கு மேல் டைல்ஸ். இதில் கல் பீடம் புதைந்துபோனது. முன்பு கல்லின் மேல் நின்ற மரம், இப்போது சிமென்ட் குழிக்குள் நிற்கிறது.

மூன்றாவது, தூணின் அடி லேசாக மக்கியதும் அதைச் சுற்றிச் சிமென்ட் பூசி மூடியது. இதுதான் மோசம். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமென்ட் அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி விழும். அதில் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழி இருக்காது. வெளியில் பார்த்தால் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே தூண் சேறாகிக்கொண்டிருக்கும்.

தடித்த எனாமல் பெயின்டும் ஏறக்குறைய இதையே செய்கிறது. விரிசல் வழியாக உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

கடலூருக்கு மட்டும் என்ன கூடுதல் சிக்கல்?

உப்பும் புயலும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் போன்ற பகுதிகளில் காற்றிலேயே உப்பு உண்டு. அது மரத்தை நேராக அழிப்பதைவிட, மரத்துக்குள் இருக்கும் இரும்பை அழிக்கிறது. பழைய ஆணி, பட்டை, போல்ட் துருப்பிடித்து உப்பும்போது மரம் பிளக்கும். துருவைச் சுற்றியுள்ள மரம் கறுத்து இற்றுப்போகும். அந்தப் பிளவு அடுத்த மழைக்குத் தண்ணீர்க் குழாய்.

அடுத்தது புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015-ல் பெருவெள்ளம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பகுதிகளை மூழ்கடித்தது. தூணின் வேலை கூரை எடையைத் தாங்குவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். புயலில் காற்று தாழ்வாரக் கூரைக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கப் பார்க்கும். அப்போது தூண்தான் கூரையைத் தரையோடு பிடித்து வைக்கிறது. அடி மக்கிய தூணுக்கு அந்தப் பிடி கிடையாது.

அதனால் இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் தாத்தாவின் பாதுகாப்புப் பிரச்சினை.

முதலில் சோதனை: தின்றது யார்?

வீட்டுக்குப் போகும்போது நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் இவை. ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும்.

• தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை 'டங்'கென்று கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே கூடாகிவிட்டால் 'பொத்'தென்று கேட்கும். மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

• குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை அழுத்தாமலே அரை அங்குலம் இறங்கினால் அது கெட்ட மரம். நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். தெருப் பக்கம் மட்டும் கெட்டு, வீட்டுப் பக்கம் நன்றாக இருப்பதும் உண்டு.

• அடையாளம் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, பழுப்பு நிறத்தில் கையால் நொறுங்கினால் பூஞ்சை. மண் தடம் ஓடினால் கரையான். சின்னத் துளைகளும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

• ஈரம் பாருங்கள். மரத்தின் ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. மழை விட்டுப் பல வாரம் ஆன பிறகும் அடிப்பகுதி 20-க்கு மேல் காட்டினால், எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

கரையான் என்றால் தூணுக்கு மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. அது மண்ணில் இருந்து வருகிறது. ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறைக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 6313-ன் மூன்றாம் பாகம் இருக்கிறது. மருந்து அடிக்க வருபவரிடம் அதன்படி செய்கிறாரா என்று கேட்கலாம்.

முட்டுக் கொடுக்காமல் தொடாதீர்கள்

தூண் மக்கியிருந்தாலும் அதன் மேல் எடை உட்கார்ந்திருக்கிறது. நாட்டு ஓடு, ரீப்பர், கைமரம், உத்தரம் எல்லாம் சேர்ந்த எடை. ஓடு நனைந்தால் எடை இன்னும் கூடும். ஒரு தூணை உருவினால் கூரை அப்படியே உட்காரும், அல்லது பக்கத்துத் தூணுக்கு இரட்டைச் சுமை போகும். பக்கத்துத் தூணும் மக்கியதாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே தூணின் இரு பக்கமும் உத்தரத்துக்கு அடியில் சென்ட்ரிங் வேலைக்கு வைக்கும் ஜாக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கிக்கு அடியிலும் மேலேயும் கெட்டிப் பலகை வேண்டும். திண்ணைத் தளம் உள்ளீடற்றதாக இருந்தால் ஜாக்கி அதை உடைத்துக்கொண்டு இறங்கும். ஜாக்கியை மெதுவாகத் திருகி, எடை தூணை விட்டு விலகும் அளவுக்குத் தூக்கினால் போதும். அதிகம் தூக்கினால் மேலே ஓடும் சுவரும் வெடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு தூணில் மட்டுமே வேலை நடக்க வேண்டும்.

ஒட்டுப் போடுவது எப்படி?

தூணின் மேல் விழும் எடை நேராகக் கீழே இறங்குகிறது. உத்தரம் மாதிரி அது நடுவில் வளைவதில்லை. இதனால்தான் தூணில் ஒட்டுப் போடுவது சாத்தியமாகிறது. மேல் கட்டையும் கீழ் கட்டையும் இடைவெளி இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் எடை சரியாக இறங்கிவிடும்.

முதலில் கெட்ட பகுதியை அறுத்து எடுக்க வேண்டும். சாக்பீஸ் கோட்டோடு நிறுத்தாமல், கெட்டியான மரம் வரும்வரை இன்னும் சில அங்குலம் மேலே போக வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மேலேயும் பரவியிருக்கும்.

வெறுமனே குறுக்கே அறுத்து ஒரு துண்டை அடியில் வைத்தால் எடையைத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் நழுவும். அதனால் மேல் கட்டையில் பாதி, கீழ் கட்டையில் பாதி எனப் படி மாதிரி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவார்கள். இந்தப் பொருத்தின் நீளம் தூணின் தடிமனைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்தால் நல்லது. குறுக்கே துளை போட்டுக் கெட்டி மர ஆப்போ, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோ போட்டு இறுக்கலாம். கடலோரத்தில் சாதாரண இரும்பு வேண்டவே வேண்டாம். கடல் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்க வேண்டும்.

இது ஏதோ சிக்கனத்துக்காகச் செய்யும் ஒட்டுவேலை அல்ல. ஜப்பானில் கோயில் தூண்களின் அடியை இப்படி மாற்றுவதற்கு 'நெத்சுகி' என்று தனிப்பெயரே உண்டு. 1609-ல் எழுப்பப்பட்ட ஹிமேஜி கோட்டையின் பிரதானக் கோபுரத்தை 1956 முதல் 1964 வரை பிரித்துப் பழுதுபார்த்தார்கள். அதைத் தாங்கும் இரண்டு ராட்சதத் தூண்களில், கிழக்குத் தூணுக்கு அடிப்பகுதி மட்டும் மாற்றப்பட்டது. மேற்குத் தூணைக் காப்பாற்ற முடியாததால் அதை முழுசாக மாற்றினார்கள். முடிந்ததைக் காப்பாற்று, முடியாததை மட்டும் மாற்று என்பதுதான் கணக்கு. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான இகோமோஸ் 2017-ல் டெல்லியில் ஏற்றுக்கொண்ட மரக் கட்டடப் பாதுகாப்புக் கோட்பாடுகளும், பழைய மரத்தில் முடிந்தவரை குறைவாகவே கை வைக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

இன்னொரு வழியும் இருக்கிறது. கெட்டது அரை அடி, ஒரு அடிதான் என்றால் மர ஒட்டே வேண்டாம். அந்த உயரத்துக்குப் புதிய கருங்கல் பீடம் செதுக்கி வைத்து, மீதித் தூணை அதன் மேல் நிறுத்தலாம். தெரு உயர்ந்துவிட்ட இடங்களுக்கு இதுவே சிறந்தது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகு முளை ஒன்று இருந்தால் புயல் காற்றிலும் தூண் நகராது.

எந்த மரம் வாங்குவது?

முடிந்தால் அதே மரம். தேக்குக்குத் தேக்கு, பலாவுக்குப் பலா. உப்புவதும் சுருங்குவதும் ஒரே அளவில் இருக்கும் என்பதால் பொருத்து விலகாது.

புது மரத்தைவிட, இடித்த வீடுகளில் இருந்து வரும் பழைய தேக்கு பெரும்பாலும் நல்லது. ஏற்கெனவே காய்ந்து நிலைத்துவிட்ட மரம் அது. எந்த மரமானாலும் நடுவில் இருக்கும் வைரப் பகுதிதான் உழைக்கும். ஓரத்து வெளிர் பகுதி, தேக்காகவே இருந்தாலும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனிதான். பச்சை மரம் கூடவே கூடாது. அது காய்ந்து சுருங்கியதும் பொருத்து வாயைப் பிளக்கும்.

பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வசதி. மிருதங்கமும் வீணையும் செய்ய வாங்கிப் போகும் பலா மரம் அது. வீட்டுத் தூணுக்கும் காலங்காலமாகப் பயன்பட்ட மரம். தானே புயலில் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. முதிர்ந்த பலா ஒன்று சாய்ந்தால் அதே தடிமனில் இன்னொன்று வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் திண்ணையில் நிற்கும் பழைய கட்டையை எளிதில் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து, எண்ணெய், எபாக்சி: எது எதற்கு?

போரான் உப்பு: போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசல் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எதிரானது. ஈரமுள்ள மரத்துக்குள் ஊடுருவிப் போகும். ஆனால் மழையில் கரைந்தும் போய்விடும். மேலே எண்ணெய்ப் பூச்சு அவசியம்.

முந்திரி ஓட்டு எண்ணெய்: முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருந்து எடுக்கும் இந்தக் கறுப்பு எண்ணெயைப் படகுக்கும் வீட்டு மரத்துக்கும் கரையான் வராமல் இருக்கப் பூசுவது பழைய வழக்கம். தூணின் அறுத்த முனை, பொருத்தின் உள்பக்கம் போன்ற கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு ஏற்றது. தோலில் பட்டால் கொப்புளம் போடும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

எபாக்சி: சின்ன ஓட்டை, விரிசல் அடைக்க நல்லது. மக்கிய அடி முழுவதையும் எபாக்சி ஊற்றிக் கெட்டியாக்கிவிடலாம் என்றால் நம்ப வேண்டாம். அது மரத்தோடு சேர்ந்து உப்பாது, சுருங்காது. சிமென்ட் செய்த அதே தப்பை அதிக விலையில் செய்வது போலாகும்.

பெயின்ட்: பழைய எனாமலைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் போன்ற, மரத்துக்குள் ஊறும் பூச்சு கொடுப்பது மேல். ஆண்டுக்கு ஒருமுறை மேலே ஒரு கை தடவ வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே இதையும் முடித்துவிடலாம்.

எப்போது செய்யலாம், எப்போது கூடாது?

கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. தை பிறந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசியில் இருந்து ஆனிக்குள் வேலையை முடிப்பது நல்லது. ஐப்பசியில் மக்கல் தெரிந்தால் அவசரப்பட்டு ஒட்டுப் போடாமல், ஜாக்கி முட்டு மட்டும் கொடுத்து மழையைக் கடத்துங்கள். வெள்ளம் வடிந்த கையோடு பெயின்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம்.

ஒட்டுக்கு லாயக்கில்லாத தூண்களும் உண்டு. பாதி உயரத்துக்கு மேல் கூடாகிவிட்டாலோ, உத்தரம் உட்காரும் இடமே மக்கியிருந்தாலோ, தூண் சாய்ந்து கூரையும் வளைந்திருந்தாலோ, கட்டடப் பொறியாளர் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. அங்கே தூணை மாற்றுவதே சரி. அப்போதும் மற்ற தூண்களைச் சேர்த்துப் பிடுங்க வேண்டிய அவசியமில்லை.

பக்கத்து ஊரில் செய்து காட்டியிருக்கிறார்கள்

இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா என்று கேட்பவர்கள் கடலூரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இருக்கும் வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளின் முகப்பை மீட்டெடுத்தது. திண்ணை, அதற்கு முன்னால் தெருவை ஒட்டிய தாழ்வாரம், அதைத் தாங்கும் மரத்தூண்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் தெரு அது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது இந்தப் பணிக்குக் கிடைத்தது. அங்கே இருப்பவை அரண்மனைகள் அல்ல. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் இருப்பவை போன்ற வீடுகள்தான்.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நிறுத்தப்போகிறீர்கள்?
2. எத்தனை ஜாக்கி, எங்கே நிறுத்துவீர்கள்?
3. எவ்வளவு உயரம் அறுப்பீர்கள்? அறுத்த பிறகு உள்ளே இருக்கும் மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவீர்களா?
4. ஒட்டுக்கு என்ன மரம்? காய்ந்ததா, வைரமா?
5. வேலை முடிந்ததும் தூணின் அடி சிமென்டுக்கு மேலே தெரியுமா, உள்ளே புதையுமா?

ஐந்தாவது கேள்விக்கு "சுத்தி நல்லா சிமென்ட் பூசிக் கொடுத்துடுறோம் சார்" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

கொத்தனார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இது மர வேலை. மரத்தூணுக்கு மர ஆசாரியைக் கூப்பிட வேண்டும். அடுத்த முறை அப்பா போன் செய்யும்போது, "சரிப்பா" என்பதற்கு முன்னால் "எத்தனை அடி வரைக்கும் மக்கியிருக்குப்பா?" என்று கேட்டுப் பாருங்கள்.